றலி சைக்கிளை இரும்புக்குப் போடாதீர்கள்

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி என்றால் வீடு மாறுகிற நாள். இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30ஆம் திகதியோடு முடிகின்றன. அன்றைக்கு எந்தத் தெருவுக்குள் போனாலும் யாரோ ஒருவர் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று விட்டதெல்லாம் தெருவோரத்தில் கிடக்கும். கட்டில், மெத்தை, அலுமாரி, பழைய சைக்கிள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் எங்கள் சாப்பாட்டு மேசையும் இரண்டு கதிரையும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வருஷம் அதே நாளில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வயதான கியூபெக்காரர் ஒருவர் குப்பைக்கு வைத்திருந்த சைக்கிள் ஒன்றை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். பின் ரயரில் காற்றே இல்லை. நான் முதலில் பார்த்தது சைக்கிளை அல்ல, செயின் வீலைத்தான். அதில் மூன்று கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு நிமிஷம் நான் மொன்றியலில் இல்லை.

"றலி" என்றேன், என்னையறியாமல்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். தெரியுமாவா? கம்பி பிறேக்கில் எந்த இடம் முதலில் தேயும், செயின் கவருக்குள் கால்சட்டை எப்படி மாட்டும், மழைக்குள் டைனமோ எப்படி வழுக்கும் என்பதெல்லாம் தெரியும். இங்கிலாந்தில் நொட்டிங்காமில் செய்த அந்தச் சைக்கிளில்தான் எங்கள் அப்பா வேலைக்குப் போனார், என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார், சந்தையிலிருந்து சாமான் கொண்டுவந்தார். என் அரைகுறைப் பிரெஞ்சில் இவ்வளவையும் சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பதினான்கு சைக்கிள்கள். சில சுவரில் தொங்கின, சில தலைகீழாக நின்றன. இங்கிலாந்தில் செய்த றலிக்குப் பக்கத்தில், கியூபெக்கின் வாட்டர்லூவில் செய்த றலி ஒன்றும் நின்றது. மொன்றியலிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற சிறு நகரம் அது. 1970களில் தொடங்கிப் பல வருஷங்கள் அங்கே றலி சைக்கிள்கள் செய்தார்கள். அப்பாவின் சைக்கிளுக்கு இந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சைக்கிள்கள் அல்ல, அவருடைய கொப்பி. ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு பக்கம். சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கம், எங்கே கிடைத்தது, முதல் சொந்தக்காரர் யார், என்ன பாகம் மாற்றப்பட்டது, யார் சொன்ன கதை. சில பக்கங்களில் பழைய படம் ஒட்டியிருந்தார். கடைசியில் அவர் என்னிடம் கேட்டார்: "உங்கள் அப்பாவின் சைக்கிள் இப்போது எங்கே? ஒரு படமாவது இருக்கிறதா?"

என்னிடம் இல்லை. கலியாணப் படம் இருக்கிறது, கோயில் திருவிழாப் படம் இருக்கிறது, விசாவுக்கு எடுத்த படம்கூட இருக்கிறது. எங்கள் குடும்பத்தை இருபது வருஷத்துக்கு மேல் சுமந்த சைக்கிளின் படம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால் வந்தது.

அபூர்வமான சைக்கிள் என்றால் விலை கூடிய சைக்கிள் என்று நாங்கள் நினைக்கிறோம். முன் சில்லு ஆளுயரத்துக்கு இருக்கிற பழைய சைக்கிள், தங்கமுலாம் பூசியது, உலகத்தில் ஐந்தே ஐந்துதான் செய்தது என்ற மாதிரி. சேகரிப்பவர்களின் உலகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அது அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணப் பொருள், "இதை ஏன் வைத்திருக்கவேண்டும்?" என்று எல்லோரும் எறிந்த பிறகுதான் பல நேரம் அபூர்வமாகிறது.

இதற்கு நல்ல உதாரணம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மடிப்புச் சைக்கிள். பரசூட்டில் குதிக்கிற படையினருக்காகச் செய்தது. நடுவில் இரண்டு இடத்தில் திருகாணியைத் தளர்த்தினால் இரண்டாக மடியும். 1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய கனேடியப் படையினரில் ஒரு பகுதியினர் அந்தச் சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பல்லாயிரக்கணக்கில் செய்த சைக்கிள் அது. போர்க்களத்தில் பெரிதாகப் பயன்படவில்லை. நிறையச் சைக்கிள்கள் வழியோரத்தில் கைவிடப்பட்டன. இன்றைக்கு ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். இந்தியாவில் புனே நகரத்தில் விக்ரம் பென்ட்சே என்பவர் பழைய சைக்கிள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். அவருடைய சேகரிப்பிலும் இந்த மடிப்புச் சைக்கிளுக்கு ஒரு தனி இடம் உண்டு.

இன்னொரு சைக்கிள் எங்கள் மொன்றியலுக்கே சொந்தம். ஜுசெப்பே மரினோனி என்பவர் இத்தாலியில் தையல்காரர், சைக்கிள் பந்தய வீரர். 1960களில் ஒரு பந்தயத்துக்காகக் கியூபெக் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். முதலில் தையல் வேலை. 1970களில் இத்தாலிக்குத் திரும்பிப் போய்ச் சைக்கிள் சட்டம் செய்யப் பழகி வந்து, மொன்றியல் பகுதியில் தன் கையால் சட்டங்கள் செய்யத் தொடங்கினார். அவர் ஒரு சைக்கிளை ஜோஸ்லின் லோவெல் என்ற கனேடிய வீரருக்காகச் செய்தார். லோவெல் 1978இல் எட்மன்டனில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்றவர். 1983இல் வீதியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது லொறி மோதி, கை கால் செயலிழந்து போனார். 2012இல், தன் 75ஆவது வயதில், மரினோனி தன் வயதுப் பிரிவினருக்கான ஒரு மணிநேரச் சாதனை ஓட்டத்துக்காக இத்தாலிக்குப் போனார். அதற்கு அவர் எடுத்தது புதுச் சைக்கிள் அல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன் லோவெலுக்காகத் தான் செய்த அதே சைக்கிள். ஒரு மணித்தியாலத்தில் 35 கிலோமீட்டருக்கும் மேல் ஓடினார். இதை வைத்து ஓர் ஆவணப்படமும் வந்திருக்கிறது.

இந்தச் சைக்கிளுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? இரும்புக் குழாயிலிருந்து வரவில்லை. யார் செய்தார், யாருக்குச் செய்தார், அவருக்கு என்ன நடந்தது, பிறகு யார் ஓட்டினார் என்ற சங்கிலி அறாமல் இருக்கிறது. அதிலிருந்து வந்தது. தையல் வேலை செய்த ஒரு குடியேறியின் கதையும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. எங்களுக்கு விளங்காத கதையா அது?

இதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் தனியாட்கள்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒட்டாவாவில் இருக்கிற கனடா அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் பழைய சைக்கிள்களில் பெரும் பங்கு, லோர்ன் ஷீல்ட்ஸ் என்ற தனி மனிதர் ஆசைப்பட்டுச் சேர்த்தது. மொன்றியலில் 1878இலேயே சைக்கிள் கழகம் இருந்தது. அந்தக் காலத்துச் சைக்கிள்காரர்கள் தொப்பியும் சீருடையுமாக நிற்கிற படங்களை ஷெர்புரூக் வீதியில் உள்ள மக்கோர்ட் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. நொட்மன் என்ற புகைப்படக்காரரின் கடையில் எடுத்தவை. அவர்களிடம் காசு இருந்தது, படம் எடுத்தார்கள், அதனால் நூற்று நாற்பது வருஷத்துக்குப் பிறகும் நாங்கள் அவர்களைப் பார்க்கிறோம். யாரும் படம் எடுக்காதவர்களின் சைக்கிள் எங்கே போயிற்று?

இனி எங்கள் சைக்கிளுக்கு வருவோம்.

1990 ஜூனில் மறுபடியும் போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாவற்றுக்கும் தடை. கார்கள் கராஜுக்குள் போயின. சில மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. மிச்ச எல்லாவற்றையும் சைக்கிள் செய்தது. அந்த வருஷங்களில் குடாநாட்டில் பஸ், லொறி, அம்புலன்ஸ், தபால் வண்டி எல்லாமே சைக்கிள்தான். அரசாங்கக் கடதாசியில் அதற்குத் துவிச்சக்கர வண்டி என்று பெயர். சந்தியில் அது எங்கட சைக்கிள்.

அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரவு பிபிசி தமிழோசை கேட்கவேண்டும், பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ சில்லில் உரசிச் சுழலும். அதிலிருந்து வருவது 6 வோல்ட் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதற்காக இடையில் நாலு டயோட் பூட்டி, இரைச்சல் குறைய ஒரு கொள்ளளவியும் வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் புத்தகத்தில் படித்ததை விறாந்தையில் செய்து பார்த்த தலைமுறை அது. சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். எங்கள் வீட்டில் சுற்றியது நான்.

ரயர், ரியூப், வால்வு எல்லாம் அருமையான சாமானாகிவிட்டன. எங்கள் சந்திச் சைக்கிள் கடைக்காரர் வெடித்த ரயருக்குள் இன்னொரு பழைய ரயரின் துண்டை வெட்டி வைத்துத் தைப்பார். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூபை ஒருவரும் எறிந்ததில்லை. பின் கரியர் பாரம் தாங்காது என்று அதற்குக் கீழே கம்பி வைத்து ஒட்டுவார்கள். அந்தக் கரியரில் விறகு வந்தது, நெல்மூட்டை வந்தது, மண்ணெண்ணெய்க் கான் வந்தது, காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆனையிறவால் போக முடியாத காலத்தில் சைக்கிள்கள் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தன.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு. நாவற்குழிப் பக்கம் சைக்கிளை ஓட்ட முடியாது, உருட்டத்தான் முடியும்; சில நேரம் உருட்டவும் முடியாது. நான் சின்னப் பொடியன். எனக்கு நினைவிருப்பது முன்னால் போன கரியர் மட்டும்தான்.

அந்த மொன்றியல் கிழவரின் கேள்விக்குப் பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன். "உதுகளை இப்ப ஏன் கேக்கிறாய்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே தொடங்கினார். "கொப்பர் அம்மம்மாவைக் கரியரிலை இருத்தி உருட்டினவர். ஹான்டிலிலை ஒரு பக்கம் அரிசி, மற்றப் பக்கம் தண்ணிக் கான். பாரிலை உன்ரை தங்கச்சி. அம்மம்மா விழுந்திடுவா எண்டு என்ரை சீலை ஒண்டாலை அவவைச் சீற்றோடை சேர்த்துக் கட்டினவர். சாவகச்சேரி போய்ச் சேர அந்தச் சீலை கிழிஞ்சு போச்சு." முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தச் சீலைக் கதையை நான் கேட்டதே இல்லை. அந்தச் சைக்கிள் பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். "அது கன காலம் பின் விறாந்தையிலை நிண்டது. கொப்பர் செத்தாப் பிறகு பழைய இரும்புக்காரன் வந்தான். சொந்தக்காரர் குடுத்துவிட்டினம். வேறை என்ன செய்யிறது?"

அவர்களில் பிழை இல்லை. துருப்பிடித்த சைக்கிளை வைத்து என்ன செய்வது என்று நானும் அப்போது கேட்டிருப்பேன். நான் சொல்ல வருவது இதுதான்: போர்க்காலத்தில் எங்கள் மக்கள் தங்கள் கையால் மாற்றி, ஒட்டி, தைத்து ஓட்டிய சைக்கிள்தான் எங்களிடம் இருக்கிற மிக அபூர்வமான பொருட்களில் ஒன்று. அப்படி ஒரு சைக்கிளை வேறு எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை. இப்போதே தேடி வைக்காவிட்டால் இன்னும் பத்து வருஷத்தில் மிச்சமிருப்பதும் இரும்புக் கடைக்குப் போய்விடும். அதை ஓட்டியவர்களும் இருக்கமாட்டார்கள்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம்தான் மொன்றியலில் பிக்ஸி வாடகைச் சைக்கிள்கள் ஓடத் தொடங்கின. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் அட்டையைத் தட்டி எடுத்து ஓட்டுகிறார்களே, அவைதான். அதே மாதம்தான் முள்ளிவாய்க்கால். அங்கே மணலில் குவிந்து கிடந்த சைக்கிள்களின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கடைசிவரை உருட்டி வந்த சைக்கிள். அவற்றின் சொந்தக்காரர்களின் பெயரை யாராவது எழுதி வைத்தார்களா?

வியட்நாம்காரர்களைப் பாருங்கள். இந்த நகரத்தில் அவர்களும் எங்களைப் போலப் போரிலிருந்து வந்தவர்கள்தான். 1954இல் தியன் பியன் பூ போரில், பாரம் தள்ளுவதற்கென்று மாற்றிய சைக்கிள்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஹான்டிலில் மூங்கில் தடி கட்டி நீட்டி, சட்டத்தைக் கம்பி வைத்துப் பலப்படுத்தி, இருநூறு கிலோவுக்கும் மேல் ஏற்றி மலைப்பாதையில் தள்ளினார்கள். அந்தச் சைக்கிள்கள் இன்று அவர்களுடைய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அது வென்ற படையின் சைக்கிள், அதனால் அரசாங்கம் வைத்திருக்கிறது. எங்களுடையது தோற்றவர்களின் சைக்கிள் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை; அது சாதாரணச் சனத்தின் சைக்கிள். எங்களுக்கு அரசாங்கம் வைக்காது. நாங்கள்தான் வைக்கவேண்டும்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றும் நியாயமானவை.

முதலாவது: "பட்ட கஷ்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட வேண்டுமா?" எனக்கும் அந்தப் பயம் உண்டு. துயரத்தைக் காட்சிப் பொருளாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் நாலு டயோடும் ஒரு டைனமோவும் வைத்து உலகச் செய்தி கேட்டது கஷ்டம் மட்டுமா? அது கெட்டித்தனம். தைத்த ரயரைப் பார்த்து என் மகள் அழப்போவதில்லை. "இதை யார் கண்டுபிடித்தது?" என்றுதான் கேட்பாள். எங்களை எப்போதும் பாவப்பட்ட சனமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சைக்கிள் நல்ல பதில்.

இரண்டாவது: "இதெல்லாம் பணக்காரரின் பொழுதுபோக்கு. அபார்ட்மென்டில் பிள்ளையின் சைக்கிள் வைக்கவே இடமில்லை." சரிதான். மொன்றியல் பனிக்கு பல்கனியில் வைத்த சைக்கிள் இரண்டு குளிரில் துருப்பிடித்துவிடும். ஆனால் சேகரிப்பு என்பது சைக்கிளை வாங்கிக் குவிப்பது மட்டும் அல்ல. அந்தக் கிழவரின் பதினான்கு சைக்கிளையும் எடுத்துவிட்டு கொப்பியை மட்டும் தந்தாலும் நான் வாங்குவேன். கொப்பி வைக்க இடம் எல்லோர் வீட்டிலும் உண்டு.

மூன்றாவது கொஞ்சம் கடினம்: "ஊரில் இருப்பதை இங்கே கொண்டுவரப் போகிறீர்களா? வெளிநாட்டுக் காசைக் காட்டி ஏழையின் சைக்கிளை வாங்குவதா?" கூடாது. கட்டாயம் கூடாது. ஓடுகிற சைக்கிள் ஓடட்டும். இன்னும் பாரம் ஏற்றுகிற சைக்கிளை அருங்காட்சியகத்தில் வைப்பது பாவம். ஓடாமல் விறாந்தையில் நிற்கிறதைத்தான் சொல்கிறேன். அதுவும் ஊரிலேயே நிற்கட்டும். ஒரு பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு மூலை போதும். எங்கள் ஊர்ச் சங்கங்கள் வருஷா வருஷம் ஒன்றுகூடல் வைக்கின்றன, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கின்றன. அதில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போனால் ஊருக்கு ஒரு சைக்கிளாவது மிஞ்சும்.

அப்படிச் செய்கிறவர்களுக்கு அந்தக் கிழவரிடம் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, பெயின்ற் அடிக்காதீர்கள். பழைய சைக்கிளைப் புதிதாக்கிப் பளபளவென்று வைப்பதா, கிடைத்தபடியே விடுவதா என்பது சேகரிப்பவர்களிடையே ஓயாத சண்டை. எங்கள் சைக்கிளைப் பொறுத்தவரை சண்டைக்கே இடமில்லை. ஒட்டும் தையலும் கம்பிக்கட்டும்தான் அதன் சரித்திரம். அதை அழித்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தால் மிஞ்சுவது வெறும் றலி. அப்படி உலகம் முழுக்க எத்தனையோ இருக்கின்றன. தூசி தட்டி, துரு பரவாமல் கொஞ்சம் எண்ணெய் பூசினால் போதும்.

இரண்டாவது, இலக்கங்களை எழுதுங்கள். சீற்றுக்குக் கீழேயோ பெடல் பொருந்துகிற இடத்துக்குக் கீழேயோ சட்டத்தில் இலக்கம் அடித்திருக்கும். கிடைத்தால் அது எந்தக் காலத்தில் செய்தது என்று தேட வழி பிறக்கும். உள்ளூராட்சிச் சபையில் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்த துண்டோ தகடோ இருந்தால் அதையும் படம் எடுங்கள். றலி மட்டும் அல்ல. ஹம்பர், லுமாலா எதுவாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, ஆளைக் கேளுங்கள். "போர்க்காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். அது பெரிய கேள்வி, வாய் மூடிக்கொள்ளும். "சைக்கிளில் என்ன ஏற்றினீர்கள்? ரியூப் எங்கே வாங்கினீர்கள்? கரியரில் யார் இருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். முப்பது வருஷம் பேசாதவர்கள் பேசுவார்கள். எங்கள் அம்மா பேசினார். அதைக் கைபேசியில் பதிந்து, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லி வையுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டமென்றால் இதை அப்பா அம்மா வாசித்துக் காட்டட்டும். ஊருக்குப் போகும்போது கடற்கரையையும் கோயிலையும் படம் எடுக்கிறீர்கள், நல்லது. பெரியப்பா வீட்டுப் பின் விறாந்தையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே சாக்குக்குக் கீழே ஏதாவது நிற்கலாம். அதன் பக்கத்தில் பெரியப்பாவை நிற்கவைத்து ஒரு படம் எடுங்கள்.

நானும் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அப்பாவின் சைக்கிள்: றலி, கறுப்பு, கம்பி பிறேக், இடது பக்கம் டைனமோ, பின் கரியருக்குக் கீழே இரண்டு கம்பி வைத்து ஒட்டியது. சட்ட இலக்கம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அதை இனி நிரப்ப முடியாது. கீழே அம்மா சொன்ன சீலைக் கதையை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுச் சைக்கிள் இன்னும் எங்காவது நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஒரு போன் எடுத்து, "அதை இரும்புக்குப் போட்டிடாதேங்கோ" என்று சொல்லுங்கள். இப்போதைக்கு அது போதும்.